புதிய வயர்லெஸ் பிராட்பேண்ட் சோதனை: சேரும் முன்னும் சேர்ந்த பின்னும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிய வயர்லெஸ் பிராட்பேண்ட் சேவையைப் பொதுவில் விற்கும் முன், ஒரு பகுதியில் சில வீடுகளுக்கு மட்டும் கொடுத்துப் பார்ப்பது நிறுவனங்களின் வழக்கம். 5ஜி வீட்டு இணைப்பு, கூரை ஆன்டெனா இணைப்பு, சாட்டிலைட் இணைப்பு என எல்லாவற்றுக்கும் இது நடக்கிறது. அப்படிச் சேர்ந்தவர்கள் சொல்வதைக் கேட்டால் ஒருவர் "பறக்குது" என்பார், இன்னொருவர் "குப்பை" என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. எந்த நேரத்தில், எந்த அறையில், எப்படி அளந்தார்கள் என்பதுதான் விட்டுப்போகிறது. அந்த விட்டுப்போன விவரங்களுக்காகவே இந்தப் பக்கம்.

சோதனைச் சேவை என்றால் பாதி வெந்ததைத் தலையில் கட்டுவதா?

எல்லாச் சோதனையும் ஒன்றல்ல. தொழில்நுட்பச் சோதனையில் டவரும் அதன் மென்பொருளும் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்ப்பார்கள். முன்னறிவிப்பு இல்லாமல் இணைப்பு நிற்கும், பாதியில் கருவியே மாறலாம். வாடிக்கையாளர் சோதனையில் நெட்வொர்க் ஓரளவு தயாராக இருக்கும். வீட்டில் பொருத்துவது, பில் போடுவது, புகார் வாங்குவது ஆகியவற்றைப் பார்ப்பதே அங்கே நோக்கம். மூன்றாவது வகை, சோதனை என்ற பெயரில் நடக்கும் முன்கூட்டிய விற்பனை. முழுக் கட்டணம் வாங்குவார்கள், உத்தரவாதம் மட்டும் தரமாட்டார்கள்.

இதில் வெளிப்படையாக நடந்துகொண்டதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2020 அக்டோபரில் சாட்டிலைட் இணையச் சேவையான ஸ்டார்லிங்க் தன் பீட்டா சோதனைக்கு வைத்த பெயரே 'ஒன்றுமில்லாததற்கு இது மேல்' என்ற பொருளில்தான் இருந்தது. வேகம் 50 முதல் 150 எம்பிபிஎஸ் வரை மாறும், லேட்டன்சி (டேட்டா போய்த் திரும்ப ஆகும் தாமதம்) 20 முதல் 40 மில்லிசெகண்ட் இருக்கும், சில நேரம் இணைப்பே இருக்காது என்று அழைப்பிலேயே எழுதியிருந்தார்கள். இப்படி எழுத்தில் சொல்லும் நிறுவனத்தோடு பிறகு சண்டை குறைவாகவே வரும். எழுத்தில் எதுவுமே தராத சோதனை என்றால் யோசித்துச் சேருங்கள்.

முதல் வாரம் வேகம் பிரமாதமாக இருக்கிறது. அது அப்படியே தொடருமா?

பெரும்பாலும் தொடராது. காரணம் எளிய கணக்கு. வயர்லெஸ்ஸில் ஒரு டவரின் ஒரு பக்கத்தை, அதாவது ஒரு செக்டரை, அந்தத் திசையில் உள்ள எல்லா வீடுகளும் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒரு செக்டர் மொத்தம் 600 எம்பிபிஎஸ் தருவதாக வைத்துக்கொள்வோம். சோதனையில் 20 வீடுகள். இரவு 9 மணிக்கு அதில் 5 வீடுகள் ஒரே நேரத்தில் இழுத்தால் ஆளுக்கு 120 கிடைக்கும். விற்பனை தொடங்கி 160 வீடுகள் சேர்ந்து, அதே 9 மணிக்கு 40 வீடுகள் இழுத்தால் ஆளுக்கு 15தான். டவரும் ரூட்டரும் மாறவில்லை. மாறியது கூட்டம் மட்டுமே.

இதில் இன்னொரு நுணுக்கம். சிக்னல் நன்றாக உள்ள வீட்டுக்கு டவர் ஒரு குறியீட்டில் 8 பிட் வரை ஏற்றி அனுப்ப முடியும். சிக்னல் மோசமான வீட்டுக்கு 2 பிட்தான் போகும். ஆக, மோசமான இடத்தில் ரூட்டரை வைத்திருக்கும் ஒரு வீடு அதே அளவு டேட்டாவுக்கு நாலு மடங்கும் அதற்கு மேலும் டவர் நேரத்தைத் தின்கிறது. சோதனைக்குப் பெரும்பாலும் டவருக்கு அருகில் உள்ள, நல்ல சிக்னல் கிடைக்கும் வீடுகளையே தேர்ந்தெடுப்பார்கள். விற்பனை வந்ததும் ஓரத்து வீடுகளும் சேரும். வேகம் விழுவதற்கு இது இரண்டாவது காரணம்.

மூன்றாவது, முன்னுரிமை. பல நெட்வொர்க்குகளில் மொபைல் போனுக்கு முதலிடம், வீட்டு இணைப்புக்கு அடுத்த இடம். டவர் காலியாக இருக்கும்வரை இந்த வித்தியாசம் தெரியாது. கூட்டம் சேர்ந்ததும் முதலில் அடிவாங்குவது வீட்டு இணைப்பு.

எனவே முதல் வார வேகத்தை வைத்து ஒரு முடிவும் எடுக்க வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயம் நினைவில் நிற்க வேண்டுமென்றால் அது இதுதான்.

சேரும் முன் நிறுவனத்திடம் என்ன கேட்க வேண்டும்?

சோதனை எந்தத் தேதியில் முடிகிறது, முடிந்ததும் இணைப்பு தானாக நிற்குமா அல்லது தானாகக் கட்டணத் திட்டத்துக்கு மாறுமா என்பது முதல் கேள்வி. சோதனைகள் பற்றிய கோபத்தில் பெரும்பங்கு வேகத்தால் வருவதில்லை, எதிர்பாராத முதல் பில்லால் வருகிறது. அடுத்து டேட்டா வரம்பு. சோதனையில் வரம்பில்லாமல் கொடுத்துவிட்டு விற்பனையில் வரம்பு வைப்பது சகஜம். எச்டி வீடியோ மணிக்குச் சுமார் 3 ஜிபியும், 4கே வீடியோ சுமார் 7 ஜிபியும் எடுக்கும் என்பதை வைத்து உங்கள் மாதக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தினம் 3 மணி நேரம் 4கே பார்த்தாலே மாதம் 600 ஜிபி தாண்டும்.

கருவி யாருடையது, உடைந்தால் யார் செலவு, சுவரில் போட்ட துளையை யார் அடைப்பார்கள், கருவி ஒரே டவரோடு பூட்டப்பட்டதா (வீடு மாறினால் வேலை செய்யுமா), தனி பப்ளிக் ஐபி (வெளி இணையத்திலிருந்து உங்கள் வீட்டை நேரடியாக அடையும் முகவரி) கிடைக்குமா, இணைப்பின் எந்தெந்த விவரங்களை நிறுவனம் சேகரிக்கும் ஆகியவற்றையும் கேளுங்கள். பதிலைப் போனில் வாங்காமல் மின்னஞ்சலில் வாங்குங்கள்.

கருவியைக் காசு கொடுத்து வாங்கச் சொன்னால் கூடியவரை மறுத்துவிடுங்கள். தொழில்நுட்பம் சோதனைக் கட்டத்தில் இருக்கும்போது கருவிக்கு ஆயுள் குறைவு. வெரைசன் நிறுவனம் 2018 அக்டோபரில் நான்கு அமெரிக்க நகரங்களில் 5ஜி வீட்டு இணைப்பைத் தொடங்கியபோது அதில் இருந்தது சொந்தத் தரநிலை. உலகத் தரநிலை வந்ததும் அந்தக் கருவிகளை மாற்ற வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஸ்பிரின்ட் நிறுவனம் நடத்திய வைமேக்ஸ் (முந்தைய வயர்லெஸ் பிராட்பேண்ட் தொழில்நுட்பம்) நெட்வொர்க் 2016-க்குள் முழுதாக அணைக்கப்பட்டது, அதோடு அந்த மோடம்களும் பயனற்றுப்போயின.

பழைய இணைப்பைத் துண்டித்துவிடலாமா?

கூடாது. சோதனை முடிந்து, விற்பனை தொடங்கி, குறைந்தது இரண்டு மாதம் ஓடும்வரை பழையது இருக்கட்டும். இரண்டுக்கும் செலவு செய்ய முடியாது என்றால் பழையதைக் குறைந்த திட்டத்துக்கு இறக்கி வையுங்கள்.

ரூட்டரை எங்கே வைப்பது?

வீட்டுக்குள் வைக்கும் 5ஜி ரூட்டர் என்றால் மொத்த அனுபவத்தையும் இந்த ஒரு முடிவுதான் தீர்மானிக்கிறது. வசதியாக இருக்கிறது என்று டிவிக்குப் பின்னால் வைப்பதுதான் பலரும் செய்வது. இடம் பார்க்கும்போது அழகையும் பிளக் பாயின்டையும் மறந்துவிடுங்கள். ஒரு எக்ஸ்டென்ஷன் கார்டு எடுத்துக்கொண்டு இப்படிச் செய்யுங்கள்:

1. ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தையோ அதன் ஆப்பையோ திறந்து ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் என்ற இரண்டு எண்களைக் கண்டுபிடியுங்கள். முதலாவது சிக்னலின் பலம். இரண்டாவது, இரைச்சலுக்கும் பக்கத்து டவர்களின் குறுக்கீட்டுக்கும் மேலே அது எவ்வளவு தெளிவாக நிற்கிறது என்பது.

2. டவர் எந்தத் திசையில் என்று தெரிந்தால் அந்தப் பக்க ஜன்னலில் தொடங்குங்கள். தெரியாவிட்டால் நான்கு பக்க ஜன்னல்களையும் பாருங்கள். மாடி இருந்தால் மாடியிலும்.

3. ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நிமிடம் விட்டு எண்களைக் குறியுங்கள். வைத்தவுடன் காட்டும் எண்ணை நம்பாதீர்கள்.

4. நல்ல ஜன்னல் கிடைத்ததும் அதே ஜன்னலில் 10, 20 சென்டிமீட்டர் நகர்த்திப் பாருங்கள். 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 8.6 சென்டிமீட்டர்தான். சுவரிலும் கிரில்லிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஓரிடத்தில் கூடும், ஒரு சாண் தள்ளி ஒன்றையொன்று அழிக்கும். 700 மெகாஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் சுமார் 43 சென்டிமீட்டர், அங்கே இன்னும் கூடுதலாக நகர்த்தினால்தான் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

ஆர்எஸ்ஆர்பி மைனஸ் எண், பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்கப் பலம் அதிகம். -80 டிபிஎம் அல்லது அதைவிட மேல் என்றால் மிக நன்று, -90 பக்கம் என்றால் நன்று, -100 சுமார், -110க்குக் கீழே போனால் தள்ளாட்டம். எஸ்ஐஎன்ஆர் 20 டிபிக்கு மேல் அருமை, 13 முதல் 20 வரை நன்று, ஒற்றை இலக்கத்துக்கு இறங்கினால் வேகம் சரியும். இரண்டு இடங்களில் ஒன்றில் பலம் அதிகம், மற்றதில் தெளிவு அதிகம் என்றால் தெளிவு அதிகமான இடத்தையே எடுங்கள். பலம் காட்டும் கோடுகள் முழுதாக இருந்தும் வேகம் வராத வீடுகளில் நடப்பது இதுதான்: ஜன்னலுக்கு இரண்டு டவர்கள் தெரிகின்றன, இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கின்றன. ரூட்டரைச் சுவரோரமாக ஒதுக்கி ஒரு டவரை மறைத்தால் பலம் குறையும், வேகம் கூடும்.

வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு கொடுத்த கண்ணாடி ஜன்னல் சிக்னலைப் பெருமளவு விழுங்கும். அப்படிப்பட்ட வீட்டில் கண்ணாடியைவிடச் சாதாரணச் செங்கல் சுவர் பக்கம் நன்றாகக் கிடைப்பதும் உண்டு. இன்னொன்று, நேர் வெயில் விழும் ஜன்னலில் ரூட்டர் சூடேறி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மதியம் மட்டும் மெதுவாகிறது என்று யாராவது சொன்னால் முதலில் ரூட்டரைத் தொட்டுப் பாருங்கள்.

வெளி ஆன்டெனா போட்டால் சரியாகிவிடுமா?

சிக்னல் பலம் குறைவுதான் பிரச்சினை என்றால் உதவும். டவரில் கூட்டம்தான் பிரச்சினை என்றால் பெரிதாக ஒன்றும் மாறாது. வாங்கும் முன் விடியற்காலை 5 மணிக்கு வேகத்தை அளந்து பாருங்கள். அப்போதும் மோசம் என்றால் ஆன்டெனா பற்றி யோசிக்கலாம்.

ரூட்டர் வீட்டுக்குள், ஆன்டெனா கூரையில், நடுவே 15 மீட்டர் மெல்லிய கோஆக்ஸ் கேபிள் என்பதுதான் அடிக்கடி காணும் தவறு. ஆர்ஜி-58 போன்ற மெல்லிய கேபிள் 3.5 கிகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு ஏறக்குறைய 1 டிபியைத் தின்றுவிடும். ஆன்டெனா பிடித்தது முழுவதும் கேபிளிலேயே கரைந்துபோகும். அதற்குப் பதில், ஆன்டெனாவும் மோடமும் ஒரே பெட்டியில் உள்ள வெளிக்கருவியைக் கூரையில் வைத்து ஈதர்நெட் கேபிளைக் கீழே இறக்குவதே முறை. ஈதர்நெட் 100 மீட்டர் வரை இழப்பில்லாமல் வரும், மின்சாரமும் அதிலேயே போகும். வெளியே ஓடும் கேபிள் வெயில் மழை தாங்கும் உறை கொண்டதாக இருக்க வேண்டும். சுவருக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், தண்ணீர் கேபிள் வழியே உள்ளே வராமல் அங்கேயே சொட்டிவிடும். இடி விழும் பகுதி என்றால் மின்னல் தடுப்பானும் எர்த்திங்கும் கட்டாயம்.

தனி ஆன்டெனாதான் என்றால் ரூட்டரின் இரண்டு ஆன்டெனா போர்ட்டிலும் இணையுங்கள். ஒன்றை மட்டும் இணைத்துவிட்டு "ஆன்டெனா போட்டும் பாதி வேகம்தான்" என்று புகார் சொல்பவர்கள் ஏராளம்.

வேகத்தைச் சரியாக அளப்பது எப்படி?

முதல் விதி: வைஃபையில் அளக்காதீர்கள். லேப்டாப்பை ஈதர்நெட் கேபிளில் ரூட்டரோடு நேரடியாக இணையுங்கள். வீட்டில் மற்றவர்கள் எதையும் டவுன்லோடு செய்யாத நேரம் வேண்டும், அல்லது வைஃபையை ஐந்து நிமிடம் அணைத்துவிடுங்கள். வந்த புகார்களில் எத்தனை நெட்வொர்க் சார்ந்தவை, எத்தனை கடைசி அறையின் வைஃபை சார்ந்தவை என்று பிரிப்பதே சோதனை நடத்துபவர்களுக்குப் பெரிய தலைவலி.

கேபிள் போட வழியில்லை என்றால் குறைந்தது இதைச் செய்யுங்கள். ரூட்டரின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) பிங் கொடுங்கள், அதாவது ஒரு சிறு பாக்கெட்டை அனுப்பி அது திரும்பும் நேரத்தைப் பாருங்கள். பிறகு 1.1.1.1 அல்லது 8.8.8.8-க்குப் பிங் கொடுங்கள். முதல் பிங்கே 5 மில்லிசெகண்டைத் தாண்டித் துள்ளினால் கோளாறு உங்கள் வைஃபையில். முதலாவது அமைதியாக இருந்து இரண்டாவது துள்ளினால் கோளாறு டவர் பக்கம் அல்லது அதற்கு அப்பால்.

ஒரு நாளில் நான்கு வேளை: விடியற்காலை, நண்பகல், மாலை 6, இரவு 9 முதல் 10க்குள். ஒவ்வொரு வேளையும் மூன்று முறை. இப்படிக் குறைந்தது இரண்டு வாரம், வார இறுதி நாட்களும் சேர்த்து. மழை நாள் ஒன்று அமைந்தால் நல்லது. ஒரே சோதனைத் தளத்தை, ஒரே சர்வரை மாற்றாமல் பயன்படுத்துங்கள். ஆப் தானாகத் தேர்ந்தெடுக்கும் சர்வர் சில நேரம் நிறுவனத்தின் நெட்வொர்க்குக்குள்ளேயே இருக்கும், அதில் வரும் எண் வெளி இணையத்தில் கிடைக்காது. அதனால் வாரம் ஒரு முறையாவது ஒரு பெரிய கோப்பை வெளி சர்வரிலிருந்து இறக்கி, ஆன நேரத்தைக் கணக்கிடுங்கள். 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 மெகாபைட். 1 ஜிபி கோப்பு சுமார் 80 நொடியில் இறங்க வேண்டும்.

பிறகு எல்லா எண்களையும் வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள். அடியில் கிடக்கும் பத்தில் ஒரு பங்கையும் பாருங்கள். உச்ச வேகத்தை யாரிடமும் சொல்ல வேண்டாம், அதை வைத்து ஒரு வேலையும் நடக்காது. ஒரு மாத இணைப்பின் தரம் அந்த அடிப்பங்கில்தான் தெரியும்.

பக்கத்து வீட்டில் 300, எனக்கு 40. ஏன்?

அலைவரிசையைப் பொறுத்தது. 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைகள் சுவரைத் தாண்டும், ஆனால் அவற்றில் பட்டையின் அகலம் குறைவு, வேகமும் குறைவு. 3.5 கிகாஹெர்ட்ஸ் நடுத்தரம். 26, 28 கிகாஹெர்ட்ஸ் மில்லிமீட்டர் அலைகளில் வேகம் மிக அதிகம், ஆனால் ஒரு மரமோ ஒரு சுவரோ குறுக்கே வந்தால் முடிந்தது. ஒரே தெருவில் டவரைப் பார்க்கும் வீட்டுக்குக் கிடைத்து, எதிர் வரிசைக்குக் கிடைக்காமல் போவது அதனால்தான். உங்கள் ரூட்டர் எந்தப் பேண்டில் (அலைவரிசைப் பட்டையில்) இணைந்திருக்கிறது என்று பார்த்து அண்டை வீட்டாரோடு ஒப்பிடுங்கள். அவர்கள் என்78-இலும் (3.5 கிகாஹெர்ட்ஸ்) நீங்கள் என்28-இலும் (700 மெகாஹெர்ட்ஸ்) இருந்தால் பதில் கிடைத்துவிட்டது.

பல ரூட்டர்களில் பேண்டைப் பூட்டும் வசதி உண்டு. அதைச் செய்து பார்க்கலாம், ஆனால் பூட்டியதைக் குறித்து வையுங்கள். சோதனைக் காலத்தில் நிறுவனம் டவரில் பேண்டுகளை மாற்றிக்கொண்டே இருக்கும். பூட்டிய பேண்டை அவர்கள் அணைத்த நாளில் உங்கள் வீட்டில் மட்டும் இணைப்பு இருக்காது.

ஸ்பீடு டெஸ்டில் 150 வருகிறது, வீடியோ கால் மட்டும் உறைகிறது. ஏன்?

வீடியோ காலுக்கு 4 எம்பிபிஎஸ் போதும். அதற்கு வேண்டியது சீரான லேட்டன்சி. இதைக் கண்டுபிடிக்க, பிங்கை ஓடவிட்டுக்கொண்டே ஒரு பெரிய கோப்பை அப்லோடு செய்யுங்கள். சும்மா இருக்கும்போது 30 மில்லிசெகண்ட் காட்டிய பிங் அப்லோடின்போது 400, 500 என்று ஏறினால், ரூட்டரிலோ டவரிலோ டேட்டா வரிசைகட்டி நிற்கிறது. உங்கள் குரலும் அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. வீட்டில் யாரோ ஒருவருடைய போன் புகைப்படங்களைக் கிளவுடுக்கு ஏற்றும்போதெல்லாம் வீடியோ கால் உறையும்.

ரூட்டரில் இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் கியூஓஎஸ் அல்லது எஸ்கியூஎம் வசதி இருந்தால் அதை இயக்கி, வேக வரம்பை அளந்ததில் 85 சதவீதத்தில் வையுங்கள். எந்த வேளையில் அளந்ததில்? இரவு 9 மணி எண்ணில். காலை எண்ணை வைத்தால் இரவில் பயனில்லை. டவுன்லோடு வேகத்தில் கொஞ்சம் இழப்பீர்கள், வாங்கும் நிம்மதிக்கு அது குறைந்த விலை. ரூட்டரில் இந்த வசதி இல்லையென்றால் அதைக் கருத்துப் படிவத்தில் எழுதுங்கள். நிறுவனங்கள் கேட்டுத் திருத்தக்கூடிய விஷயம் இது.

அப்லோடு ஏன் இவ்வளவு குறைவு?

3.5 கிகாஹெர்ட்ஸ் போன்ற பேண்டுகளில் ஒரே அலைவரிசையை டவுன்லோடும் அப்லோடும் நேரம் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகின்றன. பெரும்பாலும் நான்கு பங்கு டவுன்லோடுக்கு, ஒரு பங்கு அப்லோடுக்கு. போதாததற்கு, டவர் பெரிய பவரில் பேசும், உங்கள் ரூட்டர் 0.2 வாட் அளவில்தான் திரும்பப் பேசும். எனவே சிக்னல் பலவீனமான வீட்டில் முதலில் சாவது அப்லோடு. வீடியோக்களை ஏற்றுபவர்கள், வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் டவுன்லோடு எண்ணைவிட இதையே கவனிக்க வேண்டும்.

சிசிடிவியை வெளியிலிருந்து பார்க்க முடியவில்லை, ஆபீஸ் விபிஎன் தடுமாறுகிறது. கோளாறா?

கோளாறு இல்லை, அமைப்பே அப்படி. வயர்லெஸ் இணைப்புகளில் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பப்ளிக் ஐபியைக் கொடுப்பார்கள். ரூட்டரின் வெளி முகவரி 100.64-இலிருந்து 100.127-க்குள் அல்லது 10 என்று தொடங்கினால் நீங்கள் அந்தப் பொதுக் கூரைக்குள் இருக்கிறீர்கள். வெளியிலிருந்து வீட்டுக் கருவிக்கு வழி திறக்கும் போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யாது, சில கேம்களில் இணைப்பு வகை 'ஸ்டிரிக்ட்' என்று காட்டும். நிறுவனத்திடம் தனி ஐபி கேட்கலாம், ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி) இருந்தால் அதைப் பயன்படுத்தலாம், இல்லையென்றால் கிளவுடு வழியாக இணைக்கும் கேமராவுக்கு மாறலாம்.

விபிஎன் விஷயம் வேறு. அது இணைந்துவிடும், ஆனால் சில தளங்கள் மட்டும் பாதியில் நிற்கும். பாக்கெட்டின் அளவு இடிப்பதே பெரும்பாலும் காரணம். விபிஎன் அமைப்பில் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) மதிப்பை 1400-க்கோ இன்னும் கீழே 1300-க்கோ இறக்கினால் பல நேரம் தீரும்.

மழையும் மரமும் எவ்வளவு பாதிக்கும்?

6 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே மழையின் பாதிப்பைக் கண்டுகொள்ளத் தேவையில்லை. 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே கனமழை தெரியும், மில்லிமீட்டர் அலையில் நன்றாகவே தெரியும். மரம் எல்லாப் பேண்டிலும் தொந்தரவு, நனைந்த இலை இன்னும் மோசம். இலையுதிர்ந்த காலத்தில் சோதனை நடந்தால், தளிர்விட்டு அடர்ந்த பிறகு எண்கள் இறங்கும் என்று எதிர்பாருங்கள்.

மின்சாரம் போனால்?

ரூட்டர் 12 வோல்ட் என்றால் சிறிய டிசி யுபிஎஸ் போதும். அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து வாங்குங்கள். 5ஜி ரூட்டர்கள் பழைய வைஃபை ரூட்டர்களைவிட அதிகம் இழுக்கும், 12 வோல்ட் 1 ஆம்பியர் யுபிஎஸ் பலவற்றுக்குப் போதாது. டவருக்கும் மின்சாரம் போனால் உங்கள் யுபிஎஸ்ஸால் பயனில்லை. ஒரு மின்வெட்டின்போது இணைப்பு எத்தனை நிமிடம் தாங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஜன்னலில் வைக்கும் கருவியின் கதிர்வீச்சு உடம்புக்குக் கெடுதலா?

உலக அளவில் பின்பற்றப்படும் ஐசிஎன்ஐஆர்பி (கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம்) வரம்பு, 2 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகளுக்குப் பொதுமக்கள் விஷயத்தில் சதுர மீட்டருக்கு 10 வாட். 0.2 வாட்டில் ஒலிபரப்பும் கருவியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அந்த வரம்புக்குப் பல மடங்கு கீழேதான் இருப்பீர்கள். தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் 20 சென்டிமீட்டர் இடைவெளியைக் கடைப்பிடியுங்கள். படுக்கைத் தலைமாட்டில் வைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

சாட்டிலைட் சோதனைக்கும் இதே விதிகளா?

கூட்டம் சேர்ந்தால் வேகம் குறைவது அங்கும் உண்டு. ஆனால் எந்தச் சாட்டிலைட் என்பது முக்கியம். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிலையாக நிற்பவற்றில் பிங் 600 மில்லிசெகண்ட் பக்கம் இருக்கும், எந்த ஆன்டெனாவாலும் அதைக் குறைக்க முடியாது. சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றுபவற்றில் தரை இணைப்போடு ஒப்பிடத்தக்க பிங் கிடைக்கும், ஆனால் சாட்டிலைட்டுகள் நகர்ந்துகொண்டே இருப்பதால் வானத்தின் பெரும்பகுதி மறைவில்லாமல் தெரிய வேண்டும். ஒரு தென்னை மரம் ஓரத்தை மறைத்தால் சில நிமிடத்துக்கு ஒரு முறை சில நொடி அறுந்துபோகும். படம் பார்ப்பவருக்கு அது தெரியாது, வீடியோ காலில் பேசுபவருக்கு ஒவ்வொரு முறையும் தெரியும்.

புகாரை எப்படி எழுதினால் கவனிப்பார்கள்?

"நெட் ரொம்ப ஸ்லோ" என்று எழுதினால் "ரூட்டரை அணைத்துப் போடுங்கள்" என்றுதான் பதில் வரும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"செவ்வாய் இரவு 9.10. கேபிள் வழி. டவுன்லோடு 38, அப்லோடு 4, பிங் 62, அப்லோடின்போது பிங் 410. ஆர்எஸ்ஆர்பி -91, எஸ்ஐஎன்ஆர் 17, பேண்ட் என்78, பிசிஐ 214. அதே நாள் விடியற்காலை 5.30: டவுன்லோடு 240, அப்லோடு 22, ஆர்எஸ்ஆர்பி -91, எஸ்ஐஎன்ஆர் 18, அதே பிசிஐ."

இதைப் படிக்கும் பொறியாளருக்கு ரூட்டரை அணைத்துப் போடச் சொல்ல வாய்ப்பே இல்லை. சிக்னலும் மாறவில்லை, டவரும் மாறவில்லை, வேகம் மட்டும் ஆறில் ஒரு பங்காகிவிட்டது. அப்படியானால் செக்டரில் கூட்டம், அல்லது டவரை இணையத்தோடு சேர்க்கும் இணைப்பில் நெருக்கடி. மாறாக எஸ்ஐஎன்ஆர் விழுந்திருந்தால் குறுக்கீடு. பிசிஐ, அதாவது டவர் செக்டரின் அடையாள எண், மாறியிருந்தால் ரூட்டர் வேறு டவருக்கோ வேறு செக்டருக்கோ தாவியிருக்கிறது. ஆர்எஸ்ஆர்பி விழுந்திருந்தால் குறுக்கே ஏதோ வந்திருக்கிறது, அல்லது வீட்டில் யாரோ ரூட்டரை நகர்த்தியிருக்கிறார்கள்.

சோதனையில் எழுதும் புகாருக்கு, விற்பனைக்குப் பின் எழுதும் புகாரைவிட மதிப்பு அதிகம். எந்தச் செக்டரில் எத்தனை வீடுகளை ஏற்றலாம் என்று அவர்கள் முடிவு செய்யும் நேரம் அது. நீங்கள் எழுதாமல் இருந்தால் நன்றாக ஓடுகிறது என்றே கணக்கில் ஏறும்.

மற்றவர்கள் எழுதும் அனுபவங்களை எந்த அளவு நம்பலாம்?

தேதியைப் பாருங்கள். இணைத்த அன்றே எழுதியது என்றால் தள்ளிவையுங்கள். ஆறு வாரம் கழித்து எழுதியது என்றால் கவனமாகப் படியுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் நேரம் காலை 6 மணி என்றால் அது டவர் தூங்கும் நேரம். கேபிளா வைஃபையா, எந்தப் பேண்ட், டவரிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதாதவரிடம் அதைக் கேளுங்கள், பலர் சொல்வார்கள். இலவசமாகப் பெற்றவர் குறைகளைப் பொறுத்துக்கொள்வார், காசு கொடுத்தவர் பொறுக்கமாட்டார் என்பதையும் கணக்கில் எடுங்கள். திருப்தியாக இருப்பவர்கள் இரண்டாவது மாதம் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள், அதனால் நாளாக ஆகப் புகார்கள் மட்டுமே கண்ணில் படும்.

விளம்பர எண்களுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். வைமேக்ஸ் வந்த புதிதில் 70 எம்பிபிஎஸ் வேகம், 50 கிலோமீட்டர் தூரம் என்று எங்கும் பேச்சு. இரண்டும் சாத்தியம்தான், ஆனால் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் அல்ல. 50 கிலோமீட்டரில் உட்கார்ந்தவருக்கு 70 வராது. 'வரை' என்று முடியும் எந்த எண்ணையும் இப்படியே படியுங்கள்.

பிடிக்கவில்லை என்றால் எப்படி விலகுவது?

விலகும் கோரிக்கையை மின்னஞ்சலில் அனுப்புங்கள், தேதி பதிவாகும். கருவியைத் திருப்பும் முன் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள், இல்லையென்றால் உங்கள் வைஃபை கடவுச்சொல்லும் இணைந்த கருவிகளின் பட்டியலும் அதோடு போய்விடும். அடாப்டர், சிம், சுவர்த் தாங்கி, கேபிள் எல்லாவற்றையும் பெட்டியில் வைத்து, சீரியல் எண் தெரியும்படி ஒரு புகைப்படம் எடுங்கள். ரசீது வாங்குங்கள், சீரியல் எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். தானாகப் பணம் எடுக்கும் அனுமதி கொடுத்திருந்தால் அதை வங்கிப் பக்கத்திலும் தனியாக ரத்துசெய்யுங்கள். நிறுவனத்தின் ஆப்பில் ரத்துசெய்தது மட்டும் போதாது.